பத்மாதேவி வீட்டு வைஃபை

கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரில், முப்பத்து நான்கு வருடம் காணிப் பிரிவில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர் பத்மாதேவி. தொலைந்த கோப்பு எதுவானாலும் "பத்மா மிஸ்ஸைக் கேளுங்கோ" என்பார்கள். பத்து நிமிடத்தில் தூசி தட்டிக்கொண்டு வந்து மேசையில் வைப்பார். அவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரு மின்குமிழ் மாற்றத் தெரியுமா? தெரியாது. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கத் தெரியுமா? அதுவும் தெரியாது. ஏன் தெரிய வேண்டும்? வீட்டில் அதற்கென்றே ஒரு மனிதர் இருந்தார். நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞராக இருந்த கணவர் நவரட்ணராஜா, ஒரு ஆணி தளர்ந்தாலும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். இந்த மனிசன் இருக்கிறவரைக்கும் எனக்கென்ன கவலை என்று நாற்பது வருடம் நிம்மதியாக இருந்தவர் பத்மாதேவி. அப்படிப்பட்டவரை அறுபத்தாறு வயதில் வைஃபை என்ற சனியன் பிடித்து ஆட்டியதே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நவரட்ணராஜாவுக்கு மறதி தொடங்கி நான்கு வருடம். முதலில் தெருப் பெயர்கள் போயின. பிறகு கிழமைகள் போயின. ஒரே மகள் மதனி லண்டனில் இருப்பதும் மறந்துபோயிற்று. அவரைக் கேட்டால் மதனி இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள். இதையெல்லாம் பத்மாதேவி தாங்கிக்கொண்டார். போன தை மாதம் ஒரு காலையில் தேத்தண்ணீரை நீட்டியபோது, நவரட்ணராஜா இரண்டு கையாலும் வாங்கி, "நன்றி. நீங்கள் ஆர்?" என்று கேட்டார். பத்மாதேவி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதார். கத்திப் பேசியிருந்தால்கூட அப்படி வலித்திராது. அந்த மனிதர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

பகலில் ஒரு கரைச்சலும் இல்லை. நான்கு மணி தாண்டியதும்தான் தொல்லை. எழுந்து சேர்ட் போடுவார், தலை சீவுவார், கேற்றைப் பார்த்து நடப்பார். எங்கே என்று கேட்டால், "பத்மாவைக் கூட்டிக்கொண்டு வரப் போறன். கச்சேரி விட்டிருக்கும்" என்பார். ஒரு காலத்தில் தினமும் அதைத்தானே செய்தார்! பத்மாதேவி குறுக்கே போய் நிற்பார்.

"இஞ்ச பாருங்கோ, நான்தான் பத்மா. நான் இஞ்சதானே நிக்கிறன்."

நவரட்ணராஜா அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரிப்பார். "பகிடி விடாதேங்கோ. அவ சின்னப் பிள்ளை."

வீடு, கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து செங்குத்தாக ஏறும் ஒழுங்கையின் மேல் முனையில். கீழே இறங்கினால் பஸ்ஸும் லொறியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். கேற்றைப் பூட்டிப் பார்த்தார் பத்மாதேவி. நவரட்ணராஜா கம்பியைப் பிடித்து உலுக்கி, "என்னை அடைச்சு வைச்சிருக்கினம்" என்று அலறி, நெற்றியை மோதி இரத்தம் வரப் பண்ணிக்கொண்டார். அதற்குப் பிறகு பூட்டுவதற்குப் பத்மாதேவிக்கு மனம் வரவில்லை. மாசியில் ஒரு தரம், பங்குனியில் ஒரு தரம், அவர் கண் அசந்த நேரத்தில் நவரட்ணராஜா பெருந்தெருவுக்கே போய்விட்டார். இரண்டாம் தரம் பக்கத்து வீட்டு ரபீகாதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"யா அல்லாஹ், பஸ்ஸுக்கு முன்னாலயே நின்டுகொண்டு ஈந்தார் அக்கா. ட்ரைவர் பிரேக் அடிக்காட்டி..." என்று இழுத்தாள்.

மதனி அடித்துப் பிடித்துக்கொண்டு லண்டனிலிருந்து வந்தாள். பெட்டியில் மூன்று பாட்டுப் பெட்டிகள் கொண்டுவந்தாள். பால்மா டின் அளவு, வயர் இல்லாமல் வைஃபையில் பாடுகிற சாமான். அப்பாவுக்குப் பழைய பாட்டுப் போட்டால் மனம் அமைதியாகும் என்று யாரோ வைத்தியர் சொல்லியிருக்கிறார். என்ன பாட்டுப் போடலாம் என்று அலுமாரியைக் கிளறியபோதுதான் அந்தக் கசெற் அகப்பட்டது.

எண்பத்திரண்டாம் ஆண்டு, கச்சேரியில் நவராத்திரிக்கு வைத்த வாணி விழாவில் இருபத்து மூன்று வயதுப் பத்மாதேவி மேடையேறிப் பாடிய ஒன்பது பாட்டு. முன்வரிசையில் மடியில் ரெக்கோடரை வைத்துக்கொண்டு அதைப் பதிந்தவர், அதுவரை பத்மாதேவியோடு ஒரு வார்த்தை பேசியிராத நவரட்ணராஜா. பாட்டுகளுக்கு நடுவே அவருடைய இருமலும் கேட்கும். "பாட்டைப் பிடிக்க வந்தீங்களோ, ஆளைப் பிடிக்க வந்தீங்களோ?" என்று கல்யாணத்துக்குப் பிறகு பத்மாதேவி சீண்டுவார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஓடியபோதும் நவரட்ணராஜாவின் சேர்ட் பையில் அந்தக் கசெற் இருந்தது. பாடியவரின் குரல்தான் இப்போது இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன் கழுத்துக் கட்டி ஒன்றை வெட்டி எடுத்தார்கள். குரலும் அதோடு போயிற்று. இப்போது பத்மாதேவி வாயைத் திறந்தால் கரகரவென்று, பாதிச் சொல் வெறும் காற்றாகத்தான் வரும்.

மதனி கண்டி டவுனில் ஒரு கடையில் கொடுத்துக் கசெற்றை போனுக்குள் ஏற்றிவந்தாள். முதல் பாட்டு எழும்பியதும் கட்டிலில் கிடந்த நவரட்ணராஜா எழுந்து உட்கார்ந்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பத்மா பாடுறா" என்றார். நான்கு மணி போயிற்று, ஐந்து மணி போயிற்று, சேர்ட்டையும் தேடவில்லை, கேற்றையும் பார்க்கவில்லை. தாயும் மகளும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அது சந்தோஷ அழுகைதான். ஆனாலும் பத்மாதேவியின் நெஞ்சுக்குள் சின்னதாக ஒன்று குத்தியது. அதை மகளிடம் என்னவென்று சொல்வது?

முன்பக்கத்து ஹோலில் ஒரு பெட்டி, படுக்கையறையில் ஒன்று, பின்விறாந்தையில் ஒன்று என்று மதனி வைத்தாள். ஒன்று போதாதா என்றால், போதாது. நவரட்ணராஜா சும்மா இருக்கிற மனிதர் இல்லை, நடந்துகொண்டே இருப்பவர். ஹோலில் மட்டும் பாட்டுக் கேட்டால், அறைக்குள் போனதும் பத்மாவைக் காணவில்லை என்று தேடத் தொடங்கிவிடுவார். மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பாடினால், பத்மா அடுத்த அறையில் இருக்கிறாள் என்ற நிம்மதியில் வீட்டுக்குள்ளேயே சுற்றுவார். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், முழங்கை அகலம். ஹோலில் கம்பனிக்காரன் பூட்டிய வைஃபை பெட்டியின் சிக்னல் அறைவரைக்கும் எட்டவில்லை. அதனால் மதனி இன்னொரு வைஃபை பெட்டி வாங்கி அறையிலும் பூட்டினாள்.

போகும்போது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, கோவிக்காதேங்கோ. வத்தேகமப் பக்கம் வயசு போனவையைப் பாக்கிற ஒரு ஹோம் பாத்து வைச்சிருக்கிறன். நல்ல இடம். இன்னொருக்கால் அப்பா ரோட்டுக்குப் போனா, நான் யோசிக்கமாட்டன். அங்க விடுறதுதான்."

"உன்ர கொப்பரை நான் ஒரு இடமும் விடமாட்டன்" என்றார் பத்மாதேவி. மகள் வேனில் ஏறினாள்.

ஒரு கிழமை எல்லாம் நன்றாக ஓடியது. சித்திரை பிறந்தது. பிறகு தொடங்கியது பாருங்கள் கூத்து! ஒரு நாள் அறைப் பெட்டி பாடும், ஹோல் பெட்டி வாயே திறக்காது. மறுநாள் ஹோல் பெட்டி பாடும், விறாந்தைப் பெட்டி செத்த மாதிரிக் கிடக்கும். போனைப் பார்த்தால், அப்படியொரு பெட்டியே இந்த வீட்டில் இல்லை என்று அது சத்தியம் பண்ணும். கம்பனிக்கு அடித்தால் மூன்று மொழியில் வணக்கம் சொல்லி அரை மணித்தியாலம் காக்க வைத்து, "பிளக்கைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கோ" என்பார்கள். மதனியும் அதையேதான் சொன்னாள். பத்மாதேவி கழற்றி மாட்டுவார். சில நேரம் சரிவரும், சில நேரம் இருந்த ஒன்றும் நின்றுபோகும்.

பாட்டு அறுகிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதுதான் நரகம். நவரட்ணராஜா திடுக்கிட்டு எழும்புவார். அறை அறையாகத் தேடுவார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். கடைசியில் பத்மாதேவிக்கு முன்னால் வந்து நிற்பார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அவவுக்கு?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப பாட்டு வரும், இருங்கோ."

"நீங்கள் ஏதோ சொல்லித்தான் அவ கோவிச்சுக்கொண்டு போட்டா. நீங்கள் வந்த நாளிலயிருந்துதான் எங்களுக்குள்ள பிரச்சினை!"

இப்படி ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல. நாற்பத்தொரு வருடம் தன்னோடு வாழ்ந்த மனிதன், தன்னையே வைத்துத் தன்னைச் சக்களத்தி ஆக்கினால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? ஒரு மாலை எந்தப் பெட்டியும் பாடவில்லை. நவரட்ணராஜா சேர்ட்டுக்குத் தெறி பூட்டத் தொடங்கிவிட்டார். பத்மாதேவிக்கு வேறு வழி தெரியவில்லை. கதவுக்குக் குறுக்கே நின்று, அந்த முதல் பாட்டை அவரே பாடத் தொடங்கினார். தாளம் தப்பவில்லை, சொல் தப்பவில்லை. குரல்தான், ஐயோ, ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் உடைந்து உடைந்து இருமலாக வந்தது. நவரட்ணராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"கத்தாதேங்கோ! அவ கேட்டா என்ன நினைப்பா?"

அவர் தள்ளிக்கொண்டு போனதில் பத்மாதேவியின் தோள் கதவு நிலையில் இடித்தது. கேற்றடியில் ரபீகா மறித்துப் பேச்சுக் கொடுத்துத் திருப்பிக் கூட்டிவந்தாள். அன்று பட்டது தோளில் இல்லை.

ரபீகா சொல்லித்தான் ரமேஸ் வந்தான். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். தாடியில் நரை விழுந்தவன். கண்டி டவுனில் கொம்பியூட்டர் கடையில் வேலை. மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில் ஏற்ற முடியாமல் கீழே விட்டு நடந்து வந்தான். ஹோலுக்குள் வந்ததும் அண்ணாந்து பார்த்து வாயில் கை வைத்தான். கம்பனிக்காரனின் வைஃபை பெட்டி இரும்பு அலுமாரிக்கு மேலே இருந்தது. அதற்கு முன்னால் பித்தளைத் தாம்பாளங்கள். தூசி படக்கூடாதென்று பத்மாதேவி தன் கையால் பின்னிய லேஸ் துணி வேறு.

"அம்மா, இரும்பு மேல குந்த வச்சி, பித்தளைய முன்னுக்கு அடுக்கி, போர்வையும் போத்தி விட்டுருக்கீங்க. பாவம், அது எப்படிம்மா வெளிய எட்டிப் பாக்கும்?"

"விலை கூடின சாமான் தம்பி, அதுதான்..."

"நல்லா வச்சீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே அதை இறக்கிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பழையபடி. திரும்ப வந்தான். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒரே பாதையில் முட்டிக்கொள்கிறது என்று பாதையை மாற்றிக் கொடுத்தான். அதுவும் மூன்று நாள். ரமேசுக்கே ரோசம் வந்துவிட்டது.

"எப்ப எப்ப நிக்குதுன்னு எழுதி வைங்கம்மா. அடுத்த கிழமை வந்து பாக்குறேன்" என்றான்.

யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. பத்மாதேவி அன்றே ஒரு கோப்புத் திறந்தார். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். திகதி, நேரம், எந்தப் பெட்டி, அந்த நேரம் வீட்டில் நடந்தது, காலநிலை, குறிப்பு. காணிப் பிரிவில் பழகிய கை ஒரு நிமிடத்தையும் தவறவிடவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில்தான் அவருக்குத் தெரியாமலே வேறு விஷயங்கள் ஏறின. "அவர் அழுதார்." "என்னைப் போகச் சொன்னார்." "கேற் வரை போனார்." "சாப்பிட மறுத்தார், பத்மா வந்தபிறகு என்றார்."

அந்தக் கிழமையே வெள்ளிக்கிழமை, பத்மாதேவி போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் நவரட்ணராஜா மழையில் இறங்கிப் பாதி ஒழுங்கை போய்விட்டார். பாசியில் வழுக்கி விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. மறைக்க நினைத்தார் பத்மாதேவி. போனில் மகள் முகத்தைப் பார்த்ததும் அழுகை காட்டிக்கொடுத்துவிட்டது. மதனியும் அழுதாள்.

"காணும், போதும் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஹோமால வந்து அப்பாவைப் பாப்பினம். திங்கள் கூட்டிக்கொண்டு போவினம்."

"அந்தப் பாட்டுப் பெட்டியள் ஒழுங்காப் பாடினா அவர் எங்கயும் போகமாட்டார் மதனி. எனக்கு ஒரு நாள் தா."

"எத்தினை நாள் அம்மா தந்தாச்சு?"

"ஒரு நாள். நாளைக்கு ஒரு நாள். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார் பத்மாதேவி. பெற்ற பிள்ளையைக் கும்பிட்டது அன்றுதான்.

சனிக்கிழமை மத்தியானம் ரமேஸ் வந்தான். கதிரையில் உட்கார்ந்து கோப்பை முதல் வரியிலிருந்து வாசித்தான். முதலில் சிரித்த முகம்தான். குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் சிரிப்புப் போய்விட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலைக் காலநிலைக் கட்டத்தில் வைத்துக் கீழே இழுத்தான்.

"அம்மா, இங்க பாருங்க. இடி, இடி, மழை, இடி. வெயில் அன்னைக்கு ஒரு தடவ கூட நிக்கலயே. இடி இடிச்சா என்ன செய்வீங்க?"

"எல்லாப் பிளக்கையும் கழட்டுவன். கண்டியில கழட்டாத ஆக்கள் ஆர்?"

"சரி. மழை விட்டதும் திருப்பி மாட்டுவீங்கல்ல? மொதல்ல எத மாட்டுவீங்க?"

"அறையில இருக்கிற வைஃபை பெட்டியை. அவர் அங்கதானே படுத்திருப்பார். அவருக்கு முதல்ல பாட்டு வரட்டும் எண்டு."

ரமேஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அங்கதாம்மா கெட்டது!"

பிறகு அவன் விளங்கப்படுத்தினான். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் வைஃபை பெட்டி ஒரு இலக்கம் கொடுக்கும். கொடுக்கிற ஆள் ஒருவராக இருக்க வேண்டும். இந்த வீட்டில் இரண்டு பெட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தன. அறைப் பெட்டி முதலில் எழும்பினால், கிட்ட இருக்கிற பாட்டுப் பெட்டிகளைத் தன் பக்கம் இழுத்துத் தன் இலக்கத்தைக் கொடுத்துவிடும். பின்னால் எழும்புகிற ஹோல் பெட்டி மிச்சத்துக்குத் தன் இலக்கத்தைக் கொடுக்கும். ஒரே வீட்டுக்குள் இரண்டு குடும்பம். ஒன்றை ஒன்று கண்ணால் காணாது. பிறகு எப்படிச் சேர்ந்து பாடும்?

பத்மாதேவி கோப்பை வாங்கிக் காலநிலைக் கட்டத்தைத் தானும் ஒரு தரம் வாசித்தார். கணவருக்கு முதலில் பாட்டு வரட்டும் என்ற ஆசையில், ஒவ்வொரு மழைக்கும் அவரே தன் கையால் அந்தப் பாட்டைக் கெடுத்திருக்கிறார். அந்தத் தள்ளலும் அழுகையும் முழங்கால் காயமும் தன்னால்தான்.

"நான் ஒரு மடைச்சி தம்பி."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. பாசத்துல செஞ்சது" என்று சொல்லிக்கொண்டே ரமேஸ் சட்டைக் கையை மடித்தான்.

மூன்று மணித்தியால வேலை. அறைப் பெட்டி இலக்கம் கொடுப்பதை நிறுத்தி, ஹோல் பெட்டி சொல்கிறதைக் கேட்டு நடக்கிற மாதிரி மாற்றினான். இரண்டையும் கூரைக்கடியால் வயர் இழுத்து இணைத்தான். மூன்று பாட்டுப் பெட்டிக்கும் மாறாத இலக்கம் ஒவ்வொன்று எழுதிவைத்தான். இரண்டு வைஃபை பெட்டிக்கும் கரண்ட் போனாலும் நாலு மணித்தியாலம் தாங்குகிற சின்ன பற்றரி பூட்டினான். வெளியிலிருந்து வருகிற கம்பிக்குள் கண்ணாடி இழைதான், அதில் மின்னல் ஏறாது என்றான். பாட்டுப் பெட்டிகளுக்குள்ளே எப்படியும் பற்றரி இருக்கிறது. "இனிமே இடி இடிச்சா தாராளமா பிளக்கக் கழட்டுங்க. பாட்டு பாட்டுக்கு ஓடும்."

போனைத் தட்டினான். மூன்று அறையிலும் ஒரே மூச்சில் பாட்டு எழும்பியது. ரமேஸ் கண்ணை மூடித் தலையாட்டினான்.

"என்னா குரலும்மா! யாரு பாடுறது?"

"நான்தான்" என்றார் பத்மாதேவி, அந்தக் கரகரத்த தொண்டையால்.

ரமேஸ் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூட்ரைவரைப் பைக்குள் போட்டான்.

சோதித்துப் பார்க்க வானமும் நேரம் வைத்திருந்தது போலும். அவன் கீழே இறங்கிப் போய்க் கால் மணித்தியாலத்தில் ஹந்தானை மலைப் பக்கம் கறுத்து, ஊரே அதிர இடித்தது. பத்மாதேவி ஓடிப்போய்ப் பிளக்குகளைக் கழற்றினார். கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு நிற்கவில்லை. இரண்டாம் இடி. நிற்கவில்லை. ரபீகா வீட்டில் கரண்ட் போனது; இந்த வீட்டில் பத்மா பாடிக்கொண்டே இருந்தாள். நவரட்ணராஜா அறையிலிருந்து ஹோலுக்கும், ஹோலிலிருந்து விறாந்தைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நான்கு மணி தாண்டியது. ஐந்து தாண்டியது. பத்மாதேவி சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். என்ர மனிசனை எனக்குத் தந்திட்டாய் அப்பனே என்று வாய்விட்டுச் சொன்னார்.

மழை தூறலானபோது நவரட்ணராஜா ஹோல் கதிரையில் வந்து உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாங்கோ."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் கூப்பிட்டிருக்கிறார்! பத்மாதேவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். நவரட்ணராஜா அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அந்தக் கண்ணில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. வாணி விழாவுக்கு மறுநாள் கச்சேரிப் படியில் நின்று பேச்சு வராமல் தவித்த அதே கண்தான்.

"நீங்கள் நல்ல மனிசி" என்றார். "இவ்வளவு நாளும் எங்களுக்குச் சமைச்சுத் தந்தீங்கள். நான் உங்களை ஏசியும் போட்டன். மனசில வைச்சுக்கொள்ளாதேங்கோ."

"இல்லை... இல்லை. நான் ஒண்டும் வைச்சுக்கொள்ளேல்லை."

"இனிக் கவலையில்லை. பத்மா வந்திட்டா. இனி எங்கயும் போகமாட்டா, கேக்குதுதானே? நீங்களும் உங்கட வீட்டை போங்கோ. உங்களையும் ஆரும் பாத்துக்கொண்டிருப்பினம்."

நான்தான், நான்தான் என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று. இப்போது இன்னொரு தரம் சொன்னால் இந்த முகம் மாறிவிடும். எழும்புவார், தேடுவார், சேர்ட் போடுவார். திங்கட்கிழமை வேன் வரும். பத்மாதேவி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"ஓம். அப்ப நான் போட்டு வாறன்."

"இருங்கோ, மழை தூறுது" என்று நவரட்ணராஜா உள்ளே போய்க் குடை எடுத்துவந்து, தானே விரித்து, அவர் கையில் கொடுத்தார். கேற் வரைக்கும் கூடவே வந்தார். "பாத்துப் போங்கோ, பாசி வழுக்கும்" என்றார். பத்மாதேவி வெளியே கால் வைத்ததும், எந்த நாளும் திறந்துகொண்டு ஓடுகிற அந்தக் கேற்றைத் தானே சாத்தி, உள்ளே கொளுக்கியைக் கொளுவிவிட்டு, பாட்டுக் கேட்கிற பக்கம் அவசரமாகத் திரும்பி நடந்தார்.

பத்மாதேவி சுற்றிப் போய் ரபீகா வீட்டு வளவுக்குள்ளால் புகுந்து, தன் வீட்டுக் குசினிக் கதவடிக்கு வந்தார். வேலியடியில் நனைந்த துணி எடுத்துக்கொண்டிருந்த ரபீகா, அவர் வந்த கோலத்தைப் பார்த்துவிட்டு மிச்சத் துணியைக் கொடியிலேயே விட்டு உள்ளே போய்விட்டாள். மடியில் போன் அடித்தது. லண்டனில் மத்தியானம், மதனி.

"அம்மா, எப்பிடி? பாட்டு நிண்டதோ?"

"இல்லை. நிக்கேல்லை. இடி இடிச்சும் நிக்கேல்லை."

"அப்பா?"

"ஹோல்ல இருக்கிறார். சந்தோஷமா இருக்கிறார்."

"ஐயோ அம்மா! அப்ப நான் ஹோமுக்கு அடிச்சு வரவேண்டாம் எண்டு சொல்லிவிடுறன். உண்மையா வெளிக்கிடேல்லைத்தானே? வீட்டை விட்டு ஒருக்காலும் போகேல்லைத்தானே?"

பத்மாதேவி குடையைப் பிடித்தபடி, தன் வீட்டுக் குசினிக்கு வெளியே கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

"அவர் போகேல்லை, பிள்ளை. அவர் போகேல்லை."

போனை வைத்துவிட்டு, உள்ளே கேட்டுவிடக்கூடாதென்று சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவருக்கு இராச் சாப்பாட்டுக்குப் புட்டு அவிக்கச் சத்தமில்லாமல் உள்ளே போனார்.